வாழ்த்தும் வீட்டுச் செய்தியும்



தமிழ்நாட்டில் ஓராண்டுக்குள் புத்தாண்டு இரு முறையேனும் பிறக்கிறது. ஜனவரித் திங்கள் முதல் நாள் ஒன்று. சித்திரை முதல் நாள் மற்றொன்று. இடையே தை பிறக்கிறது. அந்த நாளையே ஆண்டின் தொடக்கமாகக் கொண்டு வாழ்த்துவாரும் உளர். எந்த நாளைக் கொண்டாடினாலும் வாழ்த்து ஒன்றுதான்: நலமாக இருங்கள். கேள்வியும் ஒன்றுதான்: வீட்டில் எல்லோரும் நலமா? இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் விடைக்காகக் காத்து நிற்பதில்லை. 'நலம், நலம்' என்று சொல்லி இருவரும் தத்தம் வழியே போய்விடுவதுதான் உலக வழக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் நின்று தம் வயிற்று வலியை விரித்துரைக்கத் தொடங்கினால் ஊரில் ஒரு வேலையும் நடவாது.

ஆயினும், விடையைப் பெறும் பொருட்டே இந்தக் கேள்வி கேட்கப்படும் இடம் ஒன்று உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் இரத்தத்தை இயந்திரத்தின் வாயிலாகத் தூய்மை செய்யும் கூடம் அது. 'டயாலிசிஸ்' என்னும் சொல் இன்று சிற்றூரில் வாழும் பாட்டியாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. அத்தகைய கூடம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வாரத்திற்கு மூன்று நாள் படுத்திருப்பவன் நான். தமிழாசிரியனாக முப்பது ஆண்டு நின்றுகொண்டே பேசியவனுக்குப் படுத்துக்கொண்டே கேட்கும் பேறு இப்போது வாய்த்திருக்கிறது. அங்கே புத்தாண்டு எவ்வாறு வருகிறது, வாழ்த்தும் வீட்டுச் செய்தியும் அங்கே எவ்வாறு பரிமாறப்படுகின்றன என்பதையே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

முதலில் அந்த இடத்தின் இயல்பைச் சிறிது சொல்லியாக வேண்டும். நம் உடலில் விலாவின் அடியில், முதுகுப்புறமாக, ஒவ்வொன்றும் கைமுட்டி அளவாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை அவை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, வேண்டியதையெல்லாம் திரும்பக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவே வெளியே தள்ளுகின்றன. இந்த வேலையை நமக்குத் தெரியாமலே செய்கின்றன, நன்றியும் எதிர்பார்ப்பதில்லை. அவை ஓய்ந்துவிட்டால் அவ்வேலையை ஓர் இயந்திரம் செய்ய வேண்டியதாகிறது. கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே இரத்தம் வெளியே செல்கிறது, மற்றொன்றின் வழியே தூய்மையாகித் திரும்புகிறது. ஒரு நிமிடத்தில் சுமார் 300 மில்லி லிட்டர் இரத்தம் இவ்வாறு போய் வரும். ஒருவருடைய ஒரு முறைச் சிகிச்சைக்கு மட்டும் தூய நீர் 120 லிட்டர் அளவு செலவாகிறது. நான்கு மணி நேரம் இப்படி. வாரத்தில் மூன்று நாள் இப்படி. இரவும் பகலும் உழைக்கும் இரண்டு சிறு உறுப்புகளின் வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பதால், இயந்திரம் ஈடு செய்வது ஒரு பங்கைத்தான். மற்றதை நாங்கள் வாயைக் கட்டி ஈடு செய்ய வேண்டும்.

திங்கள், புதன், வெள்ளி வருவோர் ஒரு கூட்டம். செவ்வாய், வியாழன், சனி வருவோர் மற்றொரு கூட்டம். நான் செவ்வாய்க் கூட்டத்தைச் சேர்ந்தவன். காலை ஆறு மணி முறை. ஒரே முறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதே கட்டிலில்தான் படுக்கிறோம். என் வலப்புறம் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இடப்புறம் கல்லூரி மாணவன் ஒருவன். எதிரே நெசவுத் தொழில் செய்யும் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். இவர்களுள் எவரையும் நான் தேடிச் சென்று நட்புக் கொண்டவனல்லன். உறவினரும் அல்லர், ஒரே ஊரினரும் அல்லர். ஆயினும், சென்ற ஆறு ஆண்டுகளில் என் உடன்பிறந்தாரோடு பேசியதைக் காட்டிலும் இவர்களோடு பேசியதே மிகுதி. கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 156 நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்! எந்தச் சம்பந்தி வீட்டாரோடு நாம் இவ்வளவு நேரம் கழிக்கிறோம்?

கூடத்திற்கு வெளியே நீளமான பெஞ்சு ஒன்று உண்டு. அங்கே மற்றொரு கூட்டம் கூடுகிறது. உடன் வந்த மனைவியர், தாய்மார், மகன்கள். உள்ளே இருப்பவர்கள் படுத்திருக்கிறார்கள். வெளியே இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். இரண்டில் எது கடினமென்று எனக்கு ஐயமுண்டு. எந்த மருந்துக் கடையில் விலை குறைவு, காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்க எந்தச் சன்னலில் நிற்க வேண்டும், முதல் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்பன போன்ற செய்திகளுக்கெல்லாம் அந்தப் பெஞ்சே களஞ்சியம். ஏழை எளியவரும் இச்சிகிச்சையைத் தொடர்ந்து பெறுவதற்கு மாநில அரசின் காப்பீட்டுத் திட்டமும், 2016-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டமும் துணை செய்கின்றன. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிடினும், உடன் வருபவர் வாரத்தில் மூன்று நாள் கூலியை இழக்கிறாரே, அதை ஈடு செய்ய எந்தத் திட்டமும் இல்லை. அந்தக் கணக்கும் பெஞ்சுக்குத்தான் தெரியும்.

2026-ஆம் ஆண்டின் முதல் நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. அது எங்கள் முறை நாள். ஊரெல்லாம் நள்ளிரவில் வெடி வெடித்து ஓய்ந்து உறங்கும் வேளையில் நாங்கள் புறப்பட்டுவிட்டோம். இயந்திரத்துக்குப் பண்டிகை தெரியாது. சிகிச்சைக்கும் சிகிச்சைக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி விழும் வார இறுதியே எங்களுக்கு அபாயம் மிகுந்த காலம் என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பண்டிகையை எண்ணி ஒரு முறையைத் தவற விட்டால் அந்த இடைவெளி இன்னும் நீளும். ஆகவே தீபாவளியாயினும் பொங்கலாயினும் நாங்கள் வருவோம். செவிலியரும் தம் பிள்ளைகளை வீட்டில் விட்டு வருவார்கள். அன்று காலை உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவரும் செய்தது ஒன்றுதான். கட்டில்களை எண்ணினோம். யாரும் வாய் திறந்து எண்ணவில்லை. ஆனால் எல்லோர் கண்ணும் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததை நான் பார்த்தேன். எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது. அதன் பிறகுதான் 'புத்தாண்டு வாழ்த்துக்கள்' என்னும் சொல் எழுந்தது.

எங்கள் வாழ்த்தில் ஒரு புதுமை உண்டு. வெளியார் அதைக் கேட்டால் திட்டுகிறார்கள் என்றே எண்ணுவார்கள். "வாத்தியாரையா, புத்தாண்டு வாழ்த்து. பொங்கலுக்குக் கரும்பு கடித்தீர்களானால் நான் உங்களோடு பேசமாட்டேன்" என்றார் நடத்துநர். இதனினும் அன்பான வாழ்த்தை எந்த அச்சு அட்டையிலும் நான் கண்டதில்லை. பழுதுபட்ட சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றாது. அது இரத்தத்தில் மிகுந்தால் நெஞ்சத் துடிப்பே நின்றுவிடக்கூடும். வாழைப்பழம், இளநீர், தக்காளி, ஆரஞ்சு ஆகியவற்றில் அது மிகுதி, வெல்லத்திலும் உண்டு. நம் மங்கலப் பொருள்களின் பட்டியலே எங்கள் விலக்குப் பட்டியலாக இருப்பதை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, நாக்குக்குச் சாட்சியாக. காயை நறுக்கி, மிகுதியான நீரில் வேகவைத்து, நீரை இறுத்துவிட்டுத் தாளிக்க வேண்டும். ஊறுகாயைக் கண்ணால் பார்க்கலாம். உப்பு மிகுந்தால் தாகம் மிகும். தாகம் மிகுந்தால் நீர் உள்ளே போகும். போன நீர் வெளியேற வழியில்லாமல் காலில் வீங்கி, நெஞ்சில் ஏறி, மூச்சை முட்டும். நாளொன்றுக்கு இத்தனை டம்ளர் என்று அளந்து குடிப்பவர்களிடையே, 'இந்த வாரம் எடை எவ்வளவு ஏறியது?' என்பதுதான் குசலப் பிரசினம். இதை உண்மையான விடை வேண்டியே கேட்கிறார்கள்; பொய் சொன்னாலும் பயனில்லை, எடை காட்டும் கருவி வாசலிலேயே இருக்கிறது.

இனி வீட்டுச் செய்திக்கு வருவோம். நோயாளி ஒருவர் மற்றொரு நோயாளியிடம் தம் வீட்டுச் செய்தியைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நெடுநாள் நோயுற்றவர்க்கு வீட்டில் நேரும் நிலையை முதலில் எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டின் செய்தியைச் சொல்பவராக இருந்த காலம் போய், அவரே வீட்டின் செய்தியாகி விடுகிறார். வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்கிறார்கள். 'இப்போது எப்படி இருக்கிறார்?' என்று, அவர் முன்னாலேயே, அவர் அங்கு இல்லாதது போலக் கேட்கிறார்கள். மகள் எந்தப் பாடம் எடுத்துப் படிக்கிறாள், வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்றா என்று அவரிடம் கேட்பாரில்லை. எங்கள் கூடத்திலோ எல்லோரும் நோயாளிகளே ஆதலால் நோய் அங்கே செய்தியன்று. ஆகவே பேச்சு தானாகவே வீட்டின் பக்கம் திரும்புகிறது. என் பக்கத்துக் கட்டிலார் அங்கே நோயாளி அல்லர். ஒரு தந்தை, ஒரு பாட்டனார், ஓய்வுக்குப் பின்னும் ஓட்டுநரைக் குறை சொல்லும் நடத்துநர்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர். மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் மகளுக்கு வரன் பார்த்தார்கள். பெண் பார்க்க வருபவர்களிடம் தந்தையின் நோயைச் சொல்லலாமா கூடாதா என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. சொன்னால், 'பரம்பரை நோயோ?' என்று பின்வாங்குவார்கள். 'சீர் செய்ய வக்கு இருக்குமோ?' என்று தயங்குவார்கள். சொல்லாமல் விட்டால் நாளைக்குப் பழி வரும். முடிவில், நிச்சயம் ஆகும்வரை சொல்ல வேண்டா என்று தீர்மானித்தார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கையில் நாடியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருப்பார்கள்; 'பிஸ்டுலா' என்பார்கள். நாளடைவில் அந்த இடம் கயிறு முறுக்கியதுபோல் புடைத்துக் காணும். விரலை வைத்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பதுதான் எங்கள் முதல் வழிபாடு. பெண் பார்க்கும் நாளன்று அவர் முழுக்கைச் சட்டை அணிந்துகொண்டு, கோடை வெயிலில், மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் பழரசம் கொடுத்து உபசரித்தபோது 'எனக்கு விரதம்' என்றாராம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அரைக்கைச் சட்டையோடு வந்து படுத்தார். ஊசி ஏறியதும் நடந்ததை எல்லாம் எங்களிடம் சொன்னார். மாப்பிள்ளை என்ன நிறம், என்ன வேலை, அவன் தாயார் எத்தனை முறை கூரையைப் பார்த்தார், பெண் எந்தப் புடவை உடுத்தியிருந்தாள் என்பது வரை ஒன்றும் விடவில்லை. அவர் வீட்டில் மகிழ்ச்சி இருந்தது; ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் அவர் ஒளிந்திருக்க வேண்டியிருந்தது. எங்களிடம் வந்தபோதுதான் அவர் பெண்ணைப் பெற்றவராகப் பேசினார். பிறகு நிச்சயத்துக்கு முன்பே அவர் தாமாகச் சென்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சட்டையை மடித்துக் கையைக் காட்டிவிட்டார். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று எங்கள் முறை முழுவதும், வெளியே பெஞ்சு முழுவதும், ஒரு வாரம் தவித்தது. திருமணம் நடந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம், எங்கள் நாளன்று என்பதால் நாங்கள் சிலர் போய் வந்தோம். பந்தியில் நாங்கள் நால்வரும் அமர்ந்து, இலையில் விழும் ஒவ்வொன்றையும் கைகாட்டி மறுத்ததைக் கண்டு பரிமாறியவர் திகைத்துப் போனார்.

வீட்டுச் செய்தி ஒருவருடைய உயிரை நிறுத்தும் தராசாக இருந்த காலமும் உண்டு. அந்த வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரத்தை மனிதருக்குப் பயன்படும் வகையில் அமைத்தவர் வில்லெம் கோல்ப் என்னும் டச்சு மருத்துவர். 1943-ஆம் ஆண்டு, ஜெர்மானியப் படை நெதர்லாந்தைப் பிடித்து வைத்திருந்த நாளில், காம்பென் என்ற சிற்றூரில், மரச்சட்ட உருளையும் செல்லோபேன் குழாயும் கொண்டு அதைச் செய்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோர் பெரும்பாலும் இறந்தனர். 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். ஆயினும், ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாய் ஒன்று வீணானமையால், சில நாளில் தேறிவிடக்கூடியவர்க்கே அது பயன்பட்டது. நெடுநாள் நோயாளர்க்கு வழியில்லை. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்னும் மருத்துவர் டெப்லான் குழாயைக் கையில் நிலையாகப் பொருத்தி அந்தத் தடையை நீக்கினார். அவருடைய முதல் நோயாளி அதன்பின் பதினோர் ஆண்டு வாழ்ந்தார்.

வழி பிறந்தது, இயந்திரம் போதவில்லை. 1962-ஆம் ஆண்டு சியாட்டிலில் திறக்கப்பட்ட நிலையத்தில் இடம் சில, வேண்டுவோர் பலர். யாருக்கு இடம் தருவது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். அக்குழுவினர் ஒவ்வொருவருடைய குடும்பத்தையும் நிறுத்துப் பார்த்தார்கள். மணமானவரா? பிள்ளைகள் எத்தனை? என்ன தொழில்? வருவாய் எவ்வளவு? தேவாலயத்திற்குப் போகிறவரா? விடை நன்றாக இருந்தால் உயிர், இல்லையேல் இல்லை. அதே ஆண்டில் ஒரு பத்திரிகை இதனை வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. பின்னர் 1972-ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்நாட்டு அரசே செலவை ஏற்றுக்கொண்டது. அந்தக் குழுவினரைக் கொடியவர் என்று நான் கூறமாட்டேன். அவர்கள் கையில் இருந்த இயந்திரங்கள் அவ்வளவே. ஆயினும், படுத்தபடி பக்கத்துக் கட்டிலாரின் பேரப் பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏழு பேர் நினைவுக்கு வருகிறார்கள். அதே கேள்விகளைத்தான் நாங்களும் கேட்கிறோம். மணமாயிற்றா? பிள்ளைகள் எத்தனை? விடை எதுவாயினும் ஆறு மணிக்கு அவருக்குக் கட்டில் உண்டு.

எல்லோரிடமும் நல்ல செய்தி இருக்குமா? இராது. கல்லூரி மாணவன் என்றேனே, அவனுக்கு வயது இருபத்திரண்டு. அவன் வயதினர் மணம், வேலை, வெளிநாடு என்று பேசும்போது அவன் போர்வையை முகத்தில் இழுத்துக்கொள்வான். மளிகைக் கடைக்காரர் மகள் திருமணத்தைப் பற்றிச் சொன்ன நாளில் அவன் உறங்குவது போலக் கிடந்தான். அவன் முன்னால் இத்தகைய செய்திகளைப் பேசலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. பேசக் கூடாது என்றார் சிலர். பேசாமல் நிறுத்திப் பார்த்தோம். இரண்டு நாளில் அவனே கேட்டான்: "ஏன் ஐயா, நான் வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறீர்கள்? வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள்." அன்றிலிருந்து மறுபடியும் பேசுகிறோம். சில நாள் அவன் போர்வையை இழுத்துக்கொள்கிறான். அது அவன் உரிமை. இந்தப் புத்தாண்டில் அவன் சொன்ன செய்தி, விட்டுப்போன தாள் இரண்டில் ஒன்றில் தேறிவிட்டான் என்பது. மற்றொன்றுக்கு எங்கள் கூட்டத்தில் இருக்கும் வங்கி ஊழியர் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இரண்டு கட்டிலுக்கும் இடையே நடக்கும் வகுப்பு அது. ஆசிரியருக்கும் மாணவனுக்கும் ஒவ்வொரு கைதான் அசையும்.

எதிர்க்கட்டில் பெண்மணியைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். அவருக்குச் சென்ற ஆண்டில் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. இந்தியாவில் மாற்றுச் சிறுநீரக அறுவை முதன்முதலில் வெற்றி கண்டது நம் வேலூரில், 1971-ஆம் ஆண்டில். மூளைச் சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறைப்படி பெற்று வழங்கும் திட்டம் 2008-இல் தமிழ்நாட்டில் வேரூன்றியது. அந்த ஆண்டுதான் ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் விபத்தில் சிக்கி மூளைச் சாவு அடைய, மருத்துவர்களாகிய அவனுடைய பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடையாக அளித்தனர். அதனை அறியாத வீடு அப்போது தமிழ்நாட்டில் இல்லை. எங்கள் கூட்டத்தில் பலர் அந்தப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுத் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்து உறங்குகிறவர்கள். எந்த நள்ளிரவிலும் அழைப்பு வரலாம். அழைப்பு வருமானால், அந்த நள்ளிரவில் வேறொரு வீட்டில் என்ன நேர்ந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே, 'இந்த ஆண்டிலாவது உனக்குச் சிறுநீரகம் கிடைக்கட்டும்' என்று நாங்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்துவதில்லை. அப்படி ஒரு வழக்கம் எவரும் சொல்லாமலே அமைந்துவிட்டது. 'உன் முறை வரும்போது வரட்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அந்த அம்மையார் ஜனவரி முதல் நாளன்று எங்களைப் பார்க்க வந்தார். மாற்றுறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க அவர் வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். அம்மருந்து நோய்த் தடுப்பாற்றலைக் குறைத்துவிடும். ஆகவே அவர் உள்ளே வரலாகாது. முகமூடி அணிந்து கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று கையசைத்தார். தறி மறுபடியும் ஓடுகிறது என்று செவிலியரிடம் சொல்லி அனுப்பினார். எங்களுள் சிலர் மகிழ்ந்தார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொறாமை என்று இதைச் சொல்லலாம், நான் சொல்லமாட்டேன். ஒன்பது ஆண்டு பட்டியலில் காத்திருக்கும் ஒருவர் ஒரு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள உரிமையுடையவர். அவரே பிறகு, "தறியில் இப்போது என்ன சேலை போடுகிறார்களாம்?" என்று கேட்டார்.

காலியான கட்டிலைப் பற்றியும் பேசியாக வேண்டும். பேசாமல் விட்டால் இது பொய்யான பேச்சாகும். ஒருவர் இரண்டு முறை வாராவிட்டால், 'வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்' என்று செவிலியர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது எங்கள் மனம் நோகாதிருக்க. நாங்கள் நம்புவது அவர்கள் மனம் நோகாதிருக்க. சில வாரத்தில் அந்தக் கட்டிலில் புதியவர் ஒருவர் மிரண்ட விழியோடு வந்து படுப்பார். அவருக்கு நீர் அளக்கக் கற்றுக்கொடுப்பதில் நாங்கள் முனைந்துவிடுவோம்.

ஆனால் போனவரின் வீடு போய்விடுவதில்லை. சென்ற ஆண்டு பொங்கலுக்குச் சற்று முன்னதாக, பெஞ்சில் பழகிய முகம் ஒன்று வந்து அமர்ந்தது. ஓராண்டுக்கு முன் இறந்துபோன ஒருவரின் மனைவி. இனி அவருக்கு இங்கே என்ன வேலை? துணிப்பை நிறைய அரிசிப் பொரி கொண்டுவந்திருந்தார், உப்புப் போடாதது. உறவினர் எவரும் எங்களுக்குக் கொண்டுவருவது ஆப்பிளும் இனிப்பும் பழச்சாறும்தான். நாங்கள் அஞ்சாமல் உண்ணக் கூடியது எது என்று தெரிந்து கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு கட்டிலாக நின்று ஒவ்வொருவர் வீட்டையும் விசாரித்தார். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தம் வீட்டுச் செய்தியையும் சொன்னார். கணவர் படுத்திருந்த கட்டிலில் இருந்த புதியவரிடமும், "உங்களுக்குக் குழந்தைகள் எத்தனை பேர்?" என்று கேட்டார். அவர் யாரென்று அறியாமலே அந்தப் புதியவர் மிக விரிவாக விடை சொன்னார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்போருள் நெடுநாள் நோயாளி ஒருவரை வீட்டில் வைத்திருப்போர் பலர் இருப்பீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் வீடுகளில், 'அவருக்குச் சொல்ல வேண்டா, உடம்புக்கு ஆகாது' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கடனைச் சொல்லுவதில்லை. தம்பியோடு நேர்ந்த பாகப் பிரிவினையைச் சொல்லுவதில்லை. உறவில் நேர்ந்த சாவைக்கூடப் பத்து நாள் மறைக்கிறார்கள். எங்கள் நடத்துநருடைய தமக்கையார் இறந்த செய்தி பெஞ்சின் வழியாகத்தான் அவருக்கு எட்டியது. அவர் அழுதது தமக்கையார்க்காக மட்டும் அன்று. "நான் அந்த வீட்டில் கணக்கில் இல்லையா?" என்று கேட்டார். இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் எங்களுக்கு ஆபத்து. செய்தி கூடினால் ஆபத்தில்லை. விழா நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு எங்கள் முறை நாளையும் ஒரு பார்வை பாருங்கள். வாழ்த்த வரும்போது கையில் பழம் இல்லாமல் வாருங்கள். வந்து உட்கார்ந்து, ஊர்க் கதையைச் சொல்லுங்கள். எங்களிடமும் ஒன்று கேளுங்கள். மாப்பிள்ளை பார்க்கவும், பள்ளிக்கூடம் தெரிந்தெடுக்கவும், கிணறு தோண்டலாமா என்று தீர்மானிக்கவும் எங்கள் மூளை பழுதுபடவில்லை.

நடத்துநரின் வீட்டில் இதற்கு ஒரு பயன் விளைந்திருக்கிறது. அவருடைய மகளுக்கு மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் விழாவுக்கு, தை பிறந்த பின் வரும் வியாழக்கிழமையைச் சம்பந்தி வீட்டார் குறித்திருந்தார்கள். தாத்தா அன்று எங்கள் பக்கத்தில் அல்லவா படுத்திருப்பார்? பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று மகளே வாதாடிப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டாள். சென்ற சனிக்கிழமை முழுவதும் எங்கள் கூடத்தில் அந்தக் குழந்தைக்குப் பெயர் தேடும் வேலைதான் நடந்தது. மாணவன் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறான். செவிலியர் இருவர் தத்தம் பெயரையே முன்மொழிந்திருக்கிறார்கள். தமிழாசிரியன் என்ற முறையில் நானும் மூன்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவற்றை நடத்துநர் படித்துவிட்டு, "கூப்பிட வாய் வலிக்குமே, வாத்தியாரையா" என்றார். எந்தப் பெயர் தேர்ந்தார்கள் என்பது எங்களுக்கு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் தெரியவரும்.